குட்டியைத் தொடாதே

சாகப்போகிறவர்கள் கேட்கும் கடைசிச் சாப்பாடு அவர்களுடைய சொந்தக் கடலிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் அக்கா மெரேகாரா கேட்டது கீனா, முள் மூடிய உருண்டை ஓட்டுக்குள் சதை வைத்திருக்கும் எங்கள் விரிகுடாவின் கடல்முள்ளி. வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொண்டுவந்து குவித்திருப்பேன். இதைப் போய்க் கேட்டாளே!

கீனாவுக்குப் பஞ்சமில்லை. கடலடிப் பாசிக்காட்டையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிட்டு, வெறும் பாறையில் பட்டினி கிடக்கின்றன. உள்ளே சதை கிடையாது, அழுக்குத் தண்ணீர்தான். கூட்டம் குறைந்தால் பாசி முளைக்கும் என்று சில வருடங்களுக்கு முன் ஊரே சுத்தியலோடு முங்கியது. அன்று படகில் நின்று கத்தியவள் அக்காதான். "டேய், குட்டியைத் தொடாதீங்கடா! குட்டியில கை வைக்கிற பழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாது!"

பெரிசை மட்டும் நொறுக்கினோம். பாறை மேல் படிந்திருக்கிற இளஞ்சிவப்புப் பூச்சு இருக்கிறதே, அதுதான் மிதந்து வரும் பொடிக் குட்டிகளைக் கூப்பிட்டு ஒட்டவைப்பது. அந்தக் குட்டிகளைத் தின்னும் சின்ன நண்டுகள் வாழ்ந்ததோ பாசிக்காட்டில். காடும் போச்சு, நண்டும் போச்சு. நாங்கள் விட்டுவைத்ததும் புதிதாக ஒட்டியதும் சேர்ந்து வளர்ந்து, துளிர்த்த பாசியைத் துளிரிலேயே தின்றுவிட்டன.

அக்கா கீனா கேட்ட நாளில் படகோட்டியது சித்தப்பா மகன் ராவிரி. நான் எடுத்து உடைத்ததெல்லாம் வெறும் ஓடு.

"பக்கத்து விரிகுடாவுல கொழுகொழுன்னு கெடக்கு. நாக்கு என்ன, அட்ரஸா கேக்கும்?" என்றான்.

"அவ நாக்கு கேக்கும்டா. வாயை மூடிட்டு ஓட்டு."

கனமாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"குட்டிங்களை விட்டு வெச்சோமே, பெருத்துச்சாடா?"

"பெருத்துடுச்சுக்கா." பொய்யில்லை. ஓடு உள்ளங்கையை அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஒடை."

உடைத்தேன். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஐயே, என்னைவிட மெலிஞ்சிருக்கு! வேற ஒடை."

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொன்றை எடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானே விடச் சொன்னேன்?"

பாவி நான், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பக்கத்து ஊர்லேருந்து கொண்டாரட்டுமாக்கா?" என்று வாசலிலிருந்து ராவிரி கேட்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு யார் எதை ஊட்டப் போனாலும் வாய் திறக்கவில்லை. வெறும் வாயோடுதான் போனாள்.