பஸ்ஸில் ஏறலாம்

வேடியப்பனின் முதுகு எந்த நிலைமையில் இருக்கிறது என்பது மாதம் பிறந்தால் கீழ்பென்னாத்தூரில் இருந்த பாஞ்சாலைக்குத் தெரிந்துவிடும். முதுகுக்குச் சொந்தக்காரன் இருந்தது திருவண்ணாமலையில்.

டாக்டர் கோதண்டராமன் செங்கம் ரோட்டில் முதுகு, மூட்டு வைத்தியத்துக்கென்றே ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வாயால் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை என்று மாதா மாதம் கார்டு அச்சடித்து அனுப்புவார்: இந்த மாதம் என்ன உடற்பயிற்சி, எதைத் தூக்கலாம், எப்படி உட்காரலாம். கடலைக்காய் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட புருஷனைக் கைத்தாங்கலாக அங்கே அழைத்துப் போனவள் பாஞ்சாலைதான். விலாசம் கேட்டபோது கீழ்பென்னாத்தூரில் அண்ணன் கண்ணாயிரம் வைத்திருக்கும் மளிகைக் கடையின் விலாசத்தைக் கொடுத்தாள். அவர்கள் குடியிருந்த சந்துக்குள் தபால்காரர் நுழைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அண்ணன் வாராவாரம் சரக்கெடுக்க டவுனுக்கு வருகிறவன், கொண்டுவந்து கொடுத்துவிடுவான் என்று நினைத்தாள். வலியில் முனகிக்கொண்டிருந்த வேடியப்பன் அதைக் கவனிக்கவில்லை.

முதல் கார்டைக் கையிலேயே கொடுத்தார்கள். 'பஸ், சைக்கிள், மாட்டு வண்டி, மறு கார்டில் சொல்லும்வரை கூடாது. சமதரையில் நடக்கலாம். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டவும்.' அவளே அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் சண்டை வந்தது.

"ரெண்டு பேர் தூக்குற மூட்டைய ஒண்டியா தூக்கி வீரத்தக் காட்டுனீங்களே, இப்ப யாரு அவஸ்தப்படுறது?" என்று கஞ்சி கொடுக்கும்போது கேட்டுவிட்டாள். வலியில் கிடந்த மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எனக்கு யாரும் ஊழியம் பண்ண வேணாம். உங்கண்ணன் ஊட்டுக்கே போ."

போ என்றதும் போய்விடுவதா? போனாள். வீம்பு என்று வந்துவிட்டால் பாஞ்சாலையை யாரும் அசைக்க முடியாது. அவரே வந்து கூப்பிட்டால்தான் திரும்புவது என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்ணாயிரமும் அதற்குப் பிறகு மச்சான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கோபம் பத்து நாள் தாங்கியது. பிறகு வெறும் ஏக்கம்தான். கடையின் பின்கட்டில் நின்றால் தூரத்தில் மலை தெரியும். அதன் அடியில் எங்கோ ஒரு சந்தில் அவர் படுத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். வராததற்கும் அவளே நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது மனுஷன் எப்படி வருவார்?

இரண்டாம் மாதக் கார்டு வந்தது. 'குப்புறப் படுத்துத் தலையையும் மார்பையும் மெல்லத் தூக்கிப் பத்து எண்ணவும். வீட்டில் உள்ள ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வது நல்லது.' அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் பிடிக்கிறார்கள்? அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரிடம் நேரிலும் சொல்லியிருப்பார்கள், வந்தது நகல் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் கார்டையும் அப்படியே படித்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்துவைத்தாள்.

நான்காம் கார்டு வந்தது. 'இம்மாதம் முதல் பஸ்ஸில் ஏறலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.'

கீழ்பென்னாத்தூருக்கு முக்கால் மணி நேரம்தானே! மறுநாளே தலைக்குக் குளித்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். திருவண்ணாமலை பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களை எண்ணாத குறைதான். ஒரு வாரம் ஆயிற்று. மூன்று வாரம் ஆயிற்று.

"வர்றவரா இருந்தா இந்நேரம் வந்திருப்பாரு பாஞ்சால. உள்ள வா" என்றாள் அண்ணி ராணியம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் இனிச் சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் மிச்சமில்லை. ஏறலாம் என்ற பிறகும் ஏறவில்லை என்றால், வேண்டாம் என்றுதானே அர்த்தம்? பாஞ்சாலை பூ வைப்பதை நிறுத்தினாள்.

ஐந்தாம் கார்டை அசிரத்தையாகத்தான் எடுத்தாள். 'மறுபரிசோதனைக்கு வரவும். தபாலில் தவிர வேறு வழியில் தகவல் தரப்படவில்லையாதலால், இதுவரை வந்த கார்டுகள் அனைத்தையும் கையோடு கொண்டுவரவும்.'

இரண்டு முறை படித்தாள். பிறகு சேர்த்துவைத்திருந்த கார்டுகளை எடுத்து எண்ணினாள். எல்லாக் கார்டும் அவளிடம் அல்லவா இருக்கின்றன! பஸ்ஸில் ஏறலாம் என்று அந்த மனுஷனுக்கு யார் சொன்னது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டவுனுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கும். ரோட்டோரம் எதிரே ஒரு ஆள் நடந்து வந்தான். சட்டைக்கு மேல் அகலமான இடுப்பு பெல்ட். விறைப்பாக, அடி மேல் அடி வைத்து.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்று பாஞ்சாலை போட்ட கூச்சலில் டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார்.

வேடியப்பன் அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். பாதியாக இளைத்திருந்தான்.

"இங்க இன்னா பண்றீங்க?"

"நடக்கலாம்னு டாக்டர் சொன்னாரே. மொத வாரம் ரயில்வே கேட்டு வரைக்கும் வந்தேன். இன்னைக்குத்தான் இம்மாந்தூரம்" என்றான். "கார்டே வரல பாஞ்சால. இவன் முதுகு தேறாதுனு உட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். தேறாட்டி போவுது, நடந்தாவது உன்கிட்ட வந்துடலாம்னு..."

அவள் கார்டுகளை நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தான். பஸ்ஸில் ஏறலாம் என்ற நான்காம் கார்டில் வெகுநேரம் நின்றான்.

"தெனமும் திரும்பிப் போயிட்டு மறுபடியும் மொதல்லேந்தா நடந்தீங்க?" என்று கேட்டாள். "ஒரே பக்கமா நடந்திருந்தா என்னிக்கோ வந்து சேந்திருப்பீங்களே. வந்து எங்கண்ணன் ஊட்ல படுத்துக்கக் கூடாதா?"

வேடியப்பன் கார்டுகளை அடுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்:

"நீ உள்ள வரச் சொல்லலன்னா? திரும்பி நடக்குறதுக்கும் சேத்துத் தெம்பு வரட்டும்னுதான் பாத்துனு இருந்தேன்."