மீதி யார் பேரில்

“கண்ணத் தொறப்பா. ஏழால வகுத்துச் சொல்லு,” என்று அப்பாவின் கன்னத்தைத் தட்டினாள் இந்துமதி.

காத்தமுத்து இமையைத் தூக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றது. காலில் கயிறு இறுகக் கட்டியிருந்தது. தேயிலை விலை விழுந்த பிறகு களை வெட்ட ஆளில்லாமல், செடி எது புல் எது என்று தெரியாமல் கிடந்த மலையில்தான் மத்தியானம் பாம்பு கடித்தது. தோட்டத்து லாரியையும் விற்றுவிட்டார்கள். ஜீப் பிடிக்கச் சேரம்பாடிக்கு ஓடிய மாமா சுரேந்திரன், வண்டி வரும்வரை அவரைத் தூங்க விடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். கணக்குச் சொன்னபோதுதான் மனுஷன் கண் திறந்தார். கொழுந்து நிறுக்கிறவர், வாயாலேயே வகுப்பார். ஃபேக்டரி பாதிக் கொழுந்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கியதிலிருந்து, எடுத்துக்கொண்டதைப் பறிக்கிற பெண்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார். பங்கு போக மிஞ்சுகிற கிலோவை மாசமாக இருக்கிறவள் பேரில் போடுவது, இலங்கையில் கண்டித் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே வந்த வழக்கம். தன் பெண்டாட்டி வேலாயி பேரில் மட்டும் போட்டதேயில்லை, இந்துமதி வயிற்றில் இருந்தபோது கூட. தன் வீட்டுக்கே போட்டுக்கொண்டான் என்று லயத்து வீடுகளில் ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம். அதற்காக வேலாயி அவரோடு பேசாமல் கிடந்த நாட்கள் உண்டு.

இந்துமதி கூடலூரில் கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள். அவள் கொடுத்த எண் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. ஆறு இலக்கத்தில் அதைவிடப் பெரிய பகா எண் கிடையாது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஆயிரத்துக்குள் எதுவும் வகுக்கவில்லை என்றால் அதற்கு மேலே தேட வேண்டியதேயில்லை. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ஏதோ ஒன்றில் சரியாகப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆயிரத்தைத் தொடுவதற்குள் ஒரு ஜீப் வராதா? பாவிப் பெண்ணுக்கு அதுதான் பிடிமானம்.

“மீதி அஞ்சு,” நாக்குக் குழறியது. “தெய்வம்மா பேருல போடு.”

தெய்வம்மாவுக்கு இது ஏழாம் மாசம்.

பதினொன்றின் மீதியும் அவளுக்கே போனது. பதின்மூன்றைச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. பதினேழு, பத்தொன்பது வரும்போது குரல் காற்றாகிவிட, இந்துமதி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

“ஏம் புள்ள, இது எதுலதான் போகும்?”

“போகும்ப்பா. இன்னுங் கொஞ்சம் மேல.” அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“மனுசன வதைக்காத புள்ள,” என்றாள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த வேலாயி.

“தூங்குனா போயிருவாரும்மா.”

வேலாயி இன்னும் வேகமாகத் தேய்த்தாள். தகரக் கூரையில் மழை பிடித்தது. இந்துமதி இருபத்து மூன்று என்றாள். நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது, பதில் வரவில்லை. திரும்பவும் சொன்னாள்.

“பன்னெண்டு.”

“யாரு பேருலப்பா?” பேச்சு நின்றுவிடக் கூடாதென்றுதான் கேட்டாள்.

உதடு இரண்டு முறை அசைந்த பிறகே சொல் வந்தது.

“ஒங்கம்மா பேருல.”

வேலாயியின் கை அப்படியே நின்றது.

“இருபத்தொம்பதுப்பா,” என்றாள் இந்துமதி. “இருபத்தொம்பதால வகுப்பா. ரெண்டு தடவதான் சொல்லுவேன்.”

ஏற்றத்தில் ஒரு வண்டி கியர் மாற்றுவது மழைக்குள் கேட்டது. அவள் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் மெதுவாக இன்னொரு தடவை.

வேலாயி எழுந்து போய்க் கொடியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்தாள். அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும் அகலத்துக்கு, நீளமாகக் கிழித்தாள்.