விரதம் என்று சொல்லிவிட்டு வந்தவள்

...மாட்டேன் என்றால் மாட்டேன்தான், இதில் புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது, டாக்டருக்கும் தெரியும், ஜோயாவுக்கும் தெரியும், கூட்டிப் பெருக்க வருகிற ஆயாவுக்குக்கூடத் தெரியும், கருக்கலைப்பு என்றால் பச்சையம்மா சிஸ்டர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள் என்று, பிறகு ஏன் துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்... பச்சையம்மாள் துணியைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். பௌர்ணமி இன்று காலையிலேயே பிறந்துவிட்டது, அதனால் கிரிவலக் கூட்டமும் காலையிலேயே இறங்கிவிட்டது. ஜோயா மட்டும் வந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அந்த மாதிரி கேஸ்களுக்கெல்லாம் டாக்டர் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் அவள்தான், பௌர்ணமி என்றால் முதல் நாளே வந்து இங்கேயே தங்கிவிடுவாள். நேற்று மகனுக்குக் காய்ச்சல் என்று கீழ்பென்னாத்தூரிலேயே இருந்துவிட்டாள், இப்போது பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம், கூட்டத்தில் நீந்தி வந்து சேர சாயங்காலம் ஆகிவிடுமாம். போனில் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடியே ஒன்று கேட்டாள். "பாவம் எல்லாம் எனக்கே ஜாஸ்தியா சேர்ந்துபோச்சுக்கா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க கொஞ்சம் எடுத்துக்கினா எனக்குக் கம்மியாவும்ல?" விளையாட்டுக்குத்தான் கேட்டாள்... விளையாட்டுக்குத்தானா?

அந்தப் பெண் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அபிநயா என்று பேர் சொன்னாள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், விடியற்காலைப் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பில்லாமல் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து, நர்சிங் ஹோம் வாசல் வந்ததும் சட்டென்று உள்ளே திரும்பிவிட்டவள். நெற்றியில் விபூதி கலையாமல் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார் வேதா டாக்டர், வீட்டில் விரதம் என்று சொல்லிவிட்டாளாம், மாமியார் சந்தோஷப்பட்டு, நானே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தாளாம். புருஷன் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறான். இரண்டும் பெண், சின்னது இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை, அதற்கு வயிற்றைக் கிழித்த தையல் குனிந்தால் இன்னும் இழுக்கிறது, மூன்றாவதாவது பையனாகப் பிறக்கட்டும் என்று வீட்டில் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள், இவள் முழுகாமல் இருப்பது இன்னும் அங்கே யாருக்கும் தெரியாது. வேறொரு இடத்தில் கேட்டதற்குப் புருஷனைக் கூட்டி வா என்றார்களாம். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, அவள் சம்மதம் போதும் என்று சொல்லி இன்றைக்கு வரச் சொன்னவர் வேதா டாக்டர். மாத்திரையில் முடிகிற கட்டம் தாண்டிவிட்டது, உள்ளே படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும், கூட ஒரு நர்ஸ் வேண்டும். நாளைக்கு வாயேன் அம்மா, ஜோயா சிஸ்டர் இருப்பாங்க என்று பச்சையம்மாள்தான் போய்ச் சொன்னாள், நல்லபடியாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை, கணக்குப் போட்டு வைத்தவள் மாதிரி நிதானமாகப் பேசினாள். "இன்னிக்கு முடிச்சிட்டா நாளைக்கு நான் எழுந்திரிக்க முடியலன்னாகூட, மலை சுத்துன கால் வலின்னு விட்டுடுவாங்க சிஸ்டர். அடுத்த பௌர்ணமிக்குள்ள வயிறு தெரிஞ்சிடும்." முடியாதென்றால் பரவாயில்லை, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்கிறேன், எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படித்தான் செய்தாள் என்றாள். அந்த அக்கா என்ன ஆனாள் என்று பச்சையம்மாள் கேட்கவில்லை. நாள் கடந்த பிறகு அப்படி வாங்கி முழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறாள், ஆட்டோ சீட் நனைந்து, உதடு வெளுத்து, கூட வந்தவர்கள் வாசலிலேயே கத்த... இவள் ஆட்டோவில் வரக்கூட மாட்டாள், கால் வலி என்று ஒரு மூலையில் படுத்துக்கொள்வாள், வீட்டில் விட்டுவிடுவார்கள்.

டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். "நீங்க வேணாம்னா வேணாம் பச்சையம்மா, நான் தனியா செய்ய முடியாது, அவளுக்கு நீங்களே சொல்லிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சொல்லத்தானே போனேன். எனக்கென்ன வீம்பா? அன்றைக்கு, படிப்பு முடித்த புதிதில், வேறு ஊரில், ராமகிருஷ்ணன் என்று ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தபோது, வயிற்றில் பெண் என்று திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டு ஒரு மருமகளைக் கூட்டி வந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை. வெளியே மாமியார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அன்றோடு சரி, இனி இந்த வேலைக்கு நான் கிடையாது என்று பச்சையம்மாள் சொல்லிவிட்டாள். அது வீம்பில்லை. படிப்பு அப்பா சொன்னது, கல்யாணம் அண்ணன் பார்த்தது, அது முறிந்ததுகூடப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது, இந்த ஒரு மாட்டேன் மட்டும்தான் அவளே தன் வாயால் சொன்னது. ஆசிரமத்துக்குப் பின்னால் வாடகை அறை, பக்கத்து அறைகளில் வந்து வந்து போகிற வெளிநாட்டுக்காரர்கள், யாரிடம் என்ன பேச... பூட்டைத் திறந்து உள்ளே போனால் துணைக்கு இருப்பது அந்த மாட்டேன்தான். அதையும் இன்றைக்கு விட்டுவிட்டால்? அப்புறம் அங்கே யார் இருப்பார்கள்?

ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கிற இவளுடைய மாமியாரும் அதே மாமியார்தானே. அன்றைக்கு வேண்டாம் என்றாள், இன்றைக்கு வேண்டும் என்கிறாள், நடுவில் படுத்திருக்கிறவளை இன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? நாளைக்கு வா என்றேன், அவ்வளவுதான். பச்சையம்மாள் எழுந்து பெஞ்சுக்குப் போனாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே அரோகரா என்று ஒரு கூட்டம் கடந்து போனது. "யாராவது சொல்லிக் குடுத்து வந்தியாம்மா? இல்ல, உனக்கே வேணாமா?"

அபிநயா அவளை வினோதமாகப் பார்த்தாள். "யார் சொல்லுவாங்க சிஸ்டர்? எல்லாரும் இன்னொண்ணு பெத்துக்கோன்னுதான் சொல்றாங்க. எனக்கு மட்டும்தான் வேணாம்."

எனக்கு மட்டும்தான்... அந்த வார்த்தையைத் தன் குரலில் கேட்டது மாதிரி இருந்தது பச்சையம்மாளுக்கு. டாக்டரிடம் போய், வரேன் மேடம் என்றாள். கையைத் தேய்த்துக் கழுவும்போதும் தப்பு என்றுதான் உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, அது அடங்கவில்லை, அடங்கும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. விளக்கைத் திருப்பினார் டாக்டர். முழு மயக்கம் இல்லை, மரத்துப்போக ஊசி மட்டும், கொஞ்சம் வலிக்கும்மா என்றார். கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், கொடுத்ததை வாங்கி வைத்தாள், பழகாத கை என்று யாரும் சொல்ல முடியாது. அபிநயாவின் விரல்கள் காற்றில் எதையோ தேடின. பச்சையம்மாளின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. தேடித் தேடிக் கடைசியில் அவளுடைய மேல்கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டது அந்தக் கை. இழுத்துப் பிடித்த பிடி, நகர முடியவில்லை, நகரவும் இல்லை. ஜோயா சின்னப் பெண், பேசிப் பேசியே ஆளைத் தேற்றிவிடுவாள், ஆனால் அவளுக்கும் இரண்டு கைதானே, அதுவும் வேலையில்தானே இருந்திருக்கும்... இத்தனை வருஷமாக, நான் வெளியே இருந்துகொண்ட அத்தனை தடவையும், இந்த அறையில் படுத்தவர்கள் எல்லாம் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?