மரக்கரண்டியில் ஒரு சாவி

பத்து நாற்பதுக்கு மார்லிஸ் தன் எட்டுப் பக்க நிரூபணத்தை அனுப்பிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ரோமெல் தன் காப்பிக் கோப்பையை அவள் கோப்பையில் மெல்ல இடித்தான். சனிக்கிழமைக் காலை; பெர்க்லியின் மூடுபனி காப்பிக்கடை ஜன்னலை விட்டு இன்னும் போகவில்லை.

மார்லிஸ் பதினாறு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவள். பக்கத்து ஓக்லண்டில் அவள் ஏறி இறங்காத கட்டடம் குறைவு. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் நம்மை ஏமாற்றாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பதும் ஒருவகை ஆய்வாளர் வேலைதான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அதற்கு உயர்கணிதம் வேண்டும். அவளிடம் இருந்ததோ பள்ளிக்கூடக் கணிதம். பாதி நாள் லிஃப்ட், மீதி நாள் இந்த மேசை என்று இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ரோமெல் மருத்துவமனையில் நர்ஸ். அதே ஆசைக்காரன், அடுத்த வருடம் விண்ணப்பிக்க இருப்பவன். ஒருவர் எழுதியதை மற்றவர் சிவப்பு மையால் கிழிப்பது அவர்கள் வழக்கம். அவள் நிரூபணம் அனுப்பி விண்ணப்பித்திருக்கும் கோடைக்கால ஆய்வுக் குழுவில் பன்னிரண்டே இடங்கள். இரண்டு முறை கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் முழுநேரமும் லிஃப்டுக்கே திரும்பிவிடுவதாக அவள் முடிவு செய்திருந்தாள்.

கழிவறைச் சாவி கேட்டாள். யாரும் மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதென்று, முழங்கை நீள மரக்கரண்டியில் அதைக் கட்டி வைத்திருந்தாள் கடையில் வேலை செய்யும் ஜோனி. இடது கதவில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. வலது கதவில் சாவியை விட்டாள். திரும்பவில்லை. கரண்டியோடு திரும்பி வந்தாள்.

"ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவி இருக்குன்னுதானே சொன்னேன்," என்றாள் ஜோனி. "ஒரே சாவின்னா சொன்னேன்?"

மார்லிஸ் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு கழிவறையை மறந்து மேசைக்கு வந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

விஷயம் இவ்வளவுதான். இயந்திரம் செய்யக்கூடிய ஒவ்வொரு தந்திரத்துக்கும் அதைப் பிடிக்கும் ஒரு சோதனை உண்டு என்று அவள் நிரூபித்திருந்தாள். அது சரி. அடுத்த வரியில், எல்லாத் தந்திரத்தையும் பிடிக்கும் ஒரு சோதனை உண்டு என்று எழுதியிருந்தாள். அதே சொற்கள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. முதல் வரியில் பூட்டைப் பார்த்துவிட்டுச் சாவி தேடலாம். இரண்டாவதில் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பூட்டுகளைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். இரண்டாவதை அவள் நிரூபிக்கவே இல்லை. மீதி ஐந்து பக்கமும் அதன்மேல்தான் நின்றன.

ரோமெல் இரண்டு முறை படித்தான். காது சிவந்துவிட்டது. இந்த வரியை அவனும் நாலு தடவை தாண்டிப் போயிருக்கிறான்.

"எட்டுப் பக்கத்துல இந்த ஒரு வரிய யாரு பாக்கப்போறா? பேசாம இரு, இன்ஸ்பெக்டரம்மா."

"லிஃப்ட்லயும் யாரும் பாக்க மாட்டாங்க, டாக்டரே. அதுக்குத்தான் என்னைய வேலைக்கு வச்சாங்க."

அவன் முகத்தைச் சுளித்தான். டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது. அதனால்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

எத்தனையோ லிஃப்டுகளின் கதவில், ஓட்டக் கூடாது என்று அவள் சிவப்பு அட்டை தொங்கவிட்டிருக்கிறாள். கட்டட மேலாளர்கள் முறைப்பார்கள், மாடிப்படி ஏறுகிறவர்கள் திட்டுவார்கள். அட்டை எழுத அவளுக்கு மூன்று நிமிடம் ஆகும். இதற்கும் அவ்வளவுதான் ஆனது. நிரூபணத்தை ஒருமுறைதான் அனுப்பலாம், திருத்தி அனுப்ப முடியாது என்பது விதி. குழுவுக்குத் தனியாகக் கடிதம் எழுதினாள். மூன்றாம் பக்கம், பதினோராம் வரி தவறு. அதற்குமேல் உள்ளதை நம்பலாம், கீழே உள்ளதை நம்ப வேண்டாம். அனுப்பிய பிறகு நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் எடுத்தது.

ஜோனி கொடுத்த இன்னொரு சாவியோடு போய்வந்து, ஒரு எலுமிச்சைக் கேக்கை இரண்டாக வெட்டினாள். தின்றுகொண்டே காகிதத்தில் வட்டம் வட்டமாக வரைந்தாள். தந்திரங்கள் முடிவில்லாதவை. ஆனால் ஒரு சோதனை ஒரே ஒரு தந்திரத்தையா பிடிக்கிறது? அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிற தந்திரங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அப்படியானால் எண்ணி எடுக்கக்கூடிய சில சோதனைகளே மொத்தத்தையும் மூடிவிடுமா? மூடினால் அத்தனையையும் ஒரே வளையத்தில் கோத்துவிடலாம். அந்த வளையம்தான் அந்த ஒரு சாவி.

"எப்ப மூடும்?" என்று ரோமெல் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அதான் தெரியல." அவள் சிரித்தாள். "பேனாவக் குடு."

அங்கே ஜோனி இரண்டாவது சாவியையும் அதே கரண்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி ஆணியில் மாட்டிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கீழ ஸ்டோர் ரூமுக்கும் ஒண்ணு கெடக்கு. அதையும் கோத்துடவா?"

மார்லிஸ் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். ஆணியில் மரக்கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு சாவிகளும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின.