ரெண்டு மில்லிகிராமோடு நின்ற ஊசி

எனக்கு வாய் நீளம். மயக்க மருந்து நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு அது இருக்கத்தான் வேண்டும் என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். ஆள் குள்ளம், பேச்சில் காரம். அதனால் முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'கடுகு' என்று பேர். காதில் விழாத மாதிரி இருப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

நான் சொல்லிக்கொடுக்கிறது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவரிடம், வலி பத்துக்கு எவ்வளவு என்று கேள். அதிகமென்றால் மார்ஃபின் ரெண்டு மில்லிகிராம் போடு. அது மூச்சை மந்தமாக்கும், அதனால் அஞ்சு நிமிஷம் மூச்சை எண்ணு, ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார். அடங்கவில்லையா, டாக்டர் எழுதின அளவைத் தாண்டாமல் இன்னொரு ரெண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் கூடாது, பயந்து நடுவில் நிறுத்தவும் கூடாது.

எட்டு மாசம் முன்னால் 'நெட்டை' என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ், ரெண்டு பிள்ளை பெற்றவள், ஒருவருக்கு மூன்றாவது ஊசி போட்டதும் அவருக்கு மூச்சு மந்தமானது. உடனே கவனித்து, தட்டி எழுப்பி, ஆக்ஸிஜன் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு எல்லாம் சரியாகத்தான் செய்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அத்தனை பேர் முன்னால் அவளைக் கிழி கிழியென்று கிழித்தேன். ஆளைக் கொல்லத்தான் உனக்குப் பாடம் எடுத்தேனா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் ஒருத்தருக்கும் மூச்சுக் கோளாறு வரவில்லை. மாசாமாசம் மீட்டிங்கில் அதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே என் அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். கால் விரல்களை மடக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தாள். வந்த இருமலை அப்படியே விழுங்கினாள். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. கட்டிலில் தொங்கிய தாளில் வலி ரெண்டு என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு ஊசி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டிலருகே நின்றவள் நெட்டைதான். ஏன் ஒன்றோடு நிறுத்தினாய் என்று தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

"அன்னைக்கு நீங்க அப்படிக் கேட்டதுக்கப்புறம் ரெண்டாவது ஊசிக்குக் கை போகல மேடம்," என்றாள். "எனக்கு மட்டும் இல்ல. இங்க யாருக்குமே."

எட்டு மாசம். எத்தனை வயிறு, எத்தனை எலும்பு. நான் மீட்டிங்கில் தம்பட்டம் அடிக்க, அத்தனை பேரும் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். பாவி, பாடம் எடுத்தேனாம் பாடம்.

அக்காவிடம் குனிந்து, நீ ஏன் ரெண்டு என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"கூடச் சொன்னா நீ வந்து இந்தப் பொண்ணத்தான திட்டுவ," என்றாள் அக்கா. மூச்சை விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "உன் வாய் எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கா, பாவம்."

ஐம்பது வருஷம் என்னோடு இருந்தவளுக்கே என்னிடம் பயம். நெட்டையிடம், தப்பு என்னுடையது, மன்னித்துவிடு, டாக்டர் எழுதின அளவு இன்னும் இருக்கிறது, போடு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் மருந்தை எடுக்கும்போது அவள் அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நிற்கும்வரை அது நிற்காது என்று எனக்கே தெரிந்தது.

போடுவதற்கு முன்னால் முறைப்படி வலி எவ்வளவு என்று அவள் கேட்டாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டுதாம்மா."

நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். நாலு எட்டு வைத்து அங்கேயே நின்றேன்.

"போயிட்டாளா?" என்று அக்கா உள்ளே கேட்டாள்.

"போயிட்டாங்கம்மா."

"ஒம்பது," என்றாள் அக்கா. அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.