கையோடு வா

எங்கள் ஊரில் பக்கவாதம் வந்தால் கை தோளிலிருந்து கழன்று போய்விடும். பிறகு அதுவாக மனம் வைத்துத் திரும்பி வர வேண்டும். என் வலது கை பங்குனியில் போனது. காலையில் கண்விழித்தபோது படுக்கையில் அது கிடந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு, "கை வந்துருச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும், "வந்துரும்" என்று சொல்லி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளாளுக்கு இதையே சொன்னதில் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது.

போன கைகளை அழைப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் தனி அறை உண்டு. பிசியோதெரபி என்று போர்டு போட்டிருக்கும். அங்கே இருக்கிற ஜெசிந்தா மேடம் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தலைக்கு மேல் ஒரு கப்பி. அதில் ஓடும் கயிற்றுக்கு இரண்டு முனையிலும் பிடி. ஒன்றை இடது கையால் பிடித்து நான் கீழே இழுக்க வேண்டும். காலியாக இருக்கும் மற்றது மேலே போகும்.

"விடாம இழுங்க அண்ணாச்சி. எங்க இருந்தாலும் கைக்கு இந்த இழுப்பு தெரியும். வந்து மறு பிடியப் பிடிச்சிக்கிடும்."

இழுத்தேன். சுவரில் பதித்த சக்கரத்தைச் சுற்றினேன். பக்கத்திலேயே விரல்கள் படிப்படியாக ஏறுவதற்கு ஒரு மர ஏணி இருந்தது. அது வலது கைக்கு உரியது என்பதால் தூசி தட்டி மட்டும் வைத்தேன். அமுக்கிப் பழகுகிற ரப்பர் பந்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். மற்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு டீச்சரின் கை, விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. அந்த அம்மா அழுதார். நானும் அழுதேன், எனக்கு வரவில்லையே என்று.

என் கை இருக்கும் இடத்தை யாக்கோபுதான் வந்து சொன்னார். நான் கண்டக்டராக இருந்த டவுன் பஸ்ஸை ஓட்டுபவர். "நம்ம வண்டியிலதான் இருக்கு. மெஷின்ல டிக்கெட்டு அடிச்சுக் குடுக்குது. விசில் ஊத முடியாதுல்லா, அதனால தகரத்துல தட்டி வண்டியக் கிளப்புது." டிப்போவில் என் விடுப்பை ரத்து செய்துவிட்டார்களாம். நான்தான் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறேனே.

நேரில் போய்க் கேட்கலாம் என்றால், பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற கை பஸ்ஸுக்குள் இருந்தது. அதனால் என் மனைவி சுடலைவடிவை அனுப்பினேன். "பேசிப் பாரு. கையோட வந்துரு" என்றேன்.

அவள் தனியாகத்தான் வந்தாள். "கூட்டம். பேச முடியல" என்றாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். ஜன்னலோரத்தில் என் துண்டைப் போட்டு, கை அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்ததாம்.

"ஆத்துப் பாலத்து வளைவுல எல்லாரும் சாஞ்சாங்க. அது என் கையப் பிடிச்சிக்கிட்டுது. பாலம் தாண்டியும் விடல" என்றாள்.

என் தோளில் இருந்த காலத்தில் அது அப்படியெல்லாம் செய்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொந்தக் கையின் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்ல? ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன்.

"அப்ப இடது கையக் கட்டிருவோம்" என்றார். இருக்கிற கை எல்லா வேலையும் செய்தால், நாம் இல்லாமலே நடக்கிறது என்று போன கை நினைத்துக்கொள்ளும். கட்டிப்போட்டால் பாவம் பார்த்து வரும். என் இடது கையில் தடித்த உறை ஒன்றை மாட்டி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். "இதுதான் கடைசி வழி அண்ணாச்சி. இதுக்கும் வரலைன்னா அது வராது."

சுடலைவடிவு புறப்படும்போது, "தண்ணி குடிக்கக்கூட முடியாமக் கெடக்கேன்னு சொல்லு. இன்னைக்குக் கையோடதான் வரணும்" என்றேன்.

"சொல்லுதேன்" என்றாள்.

வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அவள் வந்தாள். தட்டில் சோறு பிசைந்து எனக்கு ஊட்டினாள். இடது கையால் ஊட்டினாள். முந்தானையை வலது தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். அதற்குக் கீழே ரவிக்கையின் கை காலியாக இருந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன். கேட்டுக்கிட்டே என் கையப் பிடிச்சுது. நம்ம ஸ்டாப்பு வந்துட்டுது, ரெண்டு கையும் விடல. நான் மட்டும் இறங்கிட்டேன்."

"வலிச்சுதா?"

"இல்ல. பஸ்ஸு திரும்புற வரைக்கும் வளையல் சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லி அடுத்த வாயை நீட்டினாள். சோற்றில் உப்பு இல்லை. சாப்பிட்டேன்.

மறுநாள் ஜெசிந்தா மேடம் என் கட்டை அவிழ்த்தார். எங்கள் இருவரையும் ஒரே கப்பிக்குக் கீழே உட்கார வைத்தார். ஒரு பிடி எனக்கு. இத்தனை நாளும் காலியாகத் தொங்கிய பிடி சுடலைவடிவுக்கு. நான் இழுத்தால் அவள் கை மேலே போனது. அவள் இழுத்தால் என் கை மேலே போனது. மேடம் எங்கள் தலைக்கு மேல் அண்ணாந்து, இரண்டு பிடியிலும் கை இருப்பதைச் சரிபார்த்தார்.

"கை வந்துருச்சு அண்ணாச்சி. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.