சிவப்பு மையில் ஒரு ‘ந’

“மயக்கம்னு யாரும்மா சொன்னா? முன்னாடி உன் தம்பிக்கு லேசா தலை சுத்துச்சு, அவ்வளவுதான். ஓடுறவனுக்கு இதெல்லாம் சகஜம்.”

மைதானத்து அலுவலக அறையில், காலை ஆட்டிக்கொண்டே பயிற்சியாளர் சொன்னார். போன மாதம் என் தம்பி அவர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்தான். வயது பத்தொன்பது. இதயத் தசை தடித்திருந்ததாம், பரம்பரையாக வருவதாம். கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சோதனை முடியும்வரை தங்கையை ஓடவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

மேசைமேல் வருகைப் பதிவேடு கிடந்தது. பயிற்சியில் யார் மயங்கி விழுந்தாலும் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘ந’ என்று போடுவார். நடிப்பு என்று அர்த்தமாம். நாடி பிடித்துப் பார்க்கத் தெரியாத கை, அந்த எழுத்தை மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தது. தம்பிக்கு இரண்டு ‘ந’.

“மூணாவது தடவை எப்படி சார், நடிப்பு பிரமாதமா இருந்துச்சா?”

“வாய அடக்கிப் பேசும்மா. எத்தனை பேர ஓட வச்சிருக்கேன் தெரியுமா?”

“ஒருத்தன நிறுத்தத் தெரியலையே.”

பக்கத்தைப் புரட்டினேன். நேற்றைய தேதியில், என் தங்கை பெயருக்கு நேரே, ஒரு ‘ந’. வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவள் நான்காவது சுற்றில் இருந்தாள். அக்கா பேச்சைக் கேட்கிற வயதா அது? இந்த மனிதரைத்தான் தெய்வம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

“சார், அவ உங்க விசிலுக்கு மட்டும்தான் நிப்பா. எடுத்து ஊதுங்க சார்.”